புயல் ஒரு ராத்திரி, கரண்ட் இல்லாதது பல நாள்: கடலோர வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், வங்கக் கடலில் அடுத்த தாழ்வு எங்கே உருவாகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் நம் கடலோர மாவட்டங்களில் பேச்சு. 2011 டிசம்பர் 30 தானே, 2016 டிசம்பர் 12 வர்தா, 2018 நவம்பர் 16 கஜா என்று வரிசையாக நினைவில் இருக்கிறது. இவற்றில் எதிலும் காற்று முழு வேகத்தில் அடித்தது சில மணி நேரம்தான். ஆனால் கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை, டவர் செத்ததால் போன் இல்லை.

நாமோ பால் பாக்கெட், பிரெட், மெழுகுவத்தி என்று அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்தான் தயாராகிறோம். அதற்குப் பின்னால் வரும் நாட்களை எப்படிச் சமாளிப்பது என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. டெல்டா கடற்கரையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கடலூர், புதுச்சேரி, சென்னைக்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

படி 1: உங்கள் வீட்டுக்குக் கரண்ட் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

இதை வெயில் அடிக்கும் நாளிலேயே செய்துவிட வேண்டும். வீட்டு மீட்டரிலிருந்து சர்வீஸ் வயர் எந்தக் கம்பத்துக்குப் போகிறது, அந்தக் கம்பம் எந்த டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்தது, அந்த டிரான்ஸ்பார்மருக்கு ஹெச்.டி. லைன் (உயர் அழுத்த மின்கம்பி) எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நடந்தே பார்த்துவிடலாம். போகிற வழியில் லைன் தென்னந்தோப்புக்குள் நுழைகிறதா, வயலுக்கு நடுவில் போகிறதா, ரோட்டோரமாக வருகிறதா என்று கவனியுங்கள். தோப்புக்குள்ளும் வயல் நடுவிலும் போகும் லைன் விழுந்தால், கம்பம் ஏற்றிய வண்டி அங்கே போகவே முடியாது. சேறு காயும் வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போக வேண்டும். அப்படிப்பட்ட லைனில் உங்கள் வீடு இருந்தால், பக்கத்துத் தெருவைவிட உங்களுக்குப் பல நாள் தாமதமாகத்தான் கரண்ட் வரும்.

டிரான்ஸ்பார்மரில் பெயிண்டால் எழுதியிருக்கும் பெயரையும் எண்ணையும், கம்பத்தில் எண் இருந்தால் அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு எண்ணை ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். புகார் சொல்லும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். போனில் சார்ஜ் இல்லாத நேரத்தில் பழைய பில்லைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மீட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள், உடனே அதன் ஸ்விட்ச் விழுந்து கரண்ட் நிற்க வேண்டும். விழவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் ஈரச் சுவரில் கை வைக்கும் வீட்டுக்கு இதைவிட முக்கியமான செலவு வேறு இல்லை.

படி 2: எச்சரிக்கையை எப்படிப் படிப்பது

இந்திய வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகத்தை வைத்துத்தான் பெயர் கொடுக்கிறது. மணிக்கு 62 கி.மீ. வரை தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 63-ஐத் தொட்டால் புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118-ஐத் தாண்டினால் மிகத் தீவிரப் புயல். இந்த எண்களை நேர்க்கணக்காக நினைக்கக் கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது மரத்தையும் கம்பத்தையும் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 60 கி.மீ. காற்றில் கிளை முறிந்தால், 120-ல் மரமே லைன் மேல் வந்து விழும்.

பெயரைவிட, புயல் உங்கள் ஊருக்கு எந்தப் பக்கம் கரையைக் கடக்கிறது என்பது முக்கியம். நம் பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும், கடல் நீரும் உள்ளே ஏறும். தெற்கே உள்ள ஊர்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். நேர் பாதையில் இருக்கும் ஊரில் முதலில் வடக்கிலிருந்து அடித்து, நடுவில் அடங்கி, பிறகு தெற்கிலிருந்து அடிக்கும்.

கரையைக் கடப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு எச்சரிக்கையும், 24 மணி நேரத்துக்கு முன்னால் அடுத்ததும் வரும். முதல் எச்சரிக்கை வந்ததும் 3, 4, 5-ஆம் படிகளைத் தொடங்கிவிடுங்கள். இரண்டாவது வந்த பிறகு கடைக்குப் போனால் வெறும் தட்டுகளைத்தான் பார்க்கலாம். டி.வி.யில் கரையைக் கடக்கும் இடம் ஐம்பது கி.மீ. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாறினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கஜா கரையைக் கடந்த பிறகும் வலுவோடு புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியாகப் போய் அரபிக் கடலில் இறங்கியது. உள்ளே 50 கி.மீ. தள்ளியிருக்கிறோம் என்று தைரியமாக இருந்தவர்களின் தோப்புகளும் சாய்ந்தன.

படி 3: மரமும் மாடியும்

கம்பம் தானாகச் சாய்வதைவிட மரம் விழுந்து சாய்வதுதான் அதிகம். ஒரு தென்னை கம்பி மேல் விழுந்தால், அந்தக் கம்பி தனக்கு இரண்டு பக்கமும் உள்ள கம்பங்களையும் இழுக்கும். மழையில் ஊறிய மணலில் நிற்கும் கம்பத்துக்குப் பிடிமானம் இருக்காது. அப்படித்தான் ஒரே மரத்தால் ஒரு வரிசையே படுத்துவிடுகிறது.

வீட்டைச் சுற்றியுள்ள தென்னைகளில் காய்ந்த மட்டை, பாளை, முற்றிய தேங்காய் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். முருங்கையைப் பாதியாக வெட்டிவிடலாம், எப்படியும் அது முதல் காற்றிலேயே முறியும், தை மாதத்தில் மறுபடி தழைத்துவிடும். ஆனால் லைனுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையை நீங்களே வெட்டப் போகாதீர்கள். இரும்புத் தொரட்டி வைத்துக்கொண்டு லைன் ஓரத்தில் மட்டை இழுப்பது உயிரோடு விளையாடுவது. ஈ.பி. ஆபீசில் எழுதிக் கொடுங்கள், லைனை நிறுத்திவிட்டு வெட்டித் தருவார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

மொட்டை மாடியில் சின்டெக்ஸ் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி டேங்க் காற்றில் பறக்கும். டிஷ், பழைய தகரம், பூந்தொட்டி, துணி காயப்போடும் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிடுங்கள். தகரக் கூரையாக இருந்தால் மணல் மூட்டை அடுக்குவதோடு நில்லாமல், கூரைச் சட்டத்தைக் கயிறு போட்டுக் கட்டவும் வேண்டும். ஓலை வீட்டிலும் சீட் வீட்டிலும் இருப்பவர்கள் இந்தப் படியோடு நிறுத்திக்கொண்டு முகாமுக்குப் போய்விடுவதுதான் சரி. அங்கே ஜெனரேட்டரும் இருக்கும்.

படி 4: தண்ணீர்

கரண்ட் இல்லாத நாட்களில் முதலில் தீர்ந்துபோவது தண்ணீர். வீட்டு மோட்டாரும் ஓடாது, ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரும் ஓடாது.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஏழு. கேன் கிடைக்காவிட்டால் குடம், அண்டா, பிரஷர் குக்கர் என்று மூடி உள்ள எல்லாவற்றிலும் நிரப்பலாம். மேல் டேங்க் தண்ணீரைக் குளிக்கவும் கழிப்பறைக்கும் என்று ஒதுக்கி, வெளிக் குழாய்களுக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள். திறந்துவிட்ட ஒரு குழாயில் ஆயிரம் லிட்டரும் ஒரே காலையில் போய்விடும்.

தெருவில் அடி பம்பு இருந்தால், மழைக்கு முன்பே அடித்துப் பாருங்கள். பல ஊர்களில் மோட்டார் வந்த பிறகு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், வாஷர் காய்ந்து போயிருக்கும். கஜாவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். இது எந்த ஊரிலும் கடைசி நேர யோசனையாக இருக்க வேண்டியதில்லை. யாரிடம் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது, என்ன வாடகை, டீசல் யார் பொறுப்பு என்று ஊராட்சித் தலைவரோடும் தெருப் பெரியவர்களோடும் முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளம் ஏறியிருந்தால் கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

படி 5: வெளிச்சமும் பேட்டரியும், கொஞ்சம் கணக்கோடு

"எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தெரியாது. தினமும் ஒரு மணி நேரம் போய் வரும் கரண்டுக்கு அது போதும். நாலு நாள் வராத கரண்டுக்கு எப்படி என்று பார்ப்போம்.

வீட்டில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட் மணி. முழுவதையும் எடுக்க முடியாது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது சுமார் 1,100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட், எல்.இ.டி. பல்பு 9 வாட். இரண்டு ஃபேன், மூன்று பல்பு போட்டால் 177 வாட். ஆறு மணி நேரத்தில் பேட்டரி காலி. புயல் அடிக்கிற ராத்திரி விடிவதற்குள்ளேயே தீர்ந்துவிடும்.

அதே பேட்டரியில் குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றும் பல்பு இரண்டும் மட்டும் ஓட்டினால் 48 வாட்தான், 20 மணி நேரத்துக்கு மேல் வரும். ராத்திரிக்கு ஆறேழு மணி நேரம் என்று ஓட்டினால் மூன்று ராத்திரி தூங்கலாம். எனவே கரண்ட் போன உடனே இன்வெர்ட்டரில் ஓடும் டி.வி., மிக்சி, தேவையில்லாத அறை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பகலில் இன்வெர்ட்டரையே அணைத்துவிடுங்கள், சும்மா இருந்தாலும் அது கரண்டைக் குடிக்கும். கார்த்திகை மாதத்தில் மழைக் குளிர் இருக்கும்போது பகலில் ஃபேன் தேவைப்படாது. கொசுதான் பிரச்சினை, அதற்கு வலை கட்டுங்கள்.

மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஈ.பி. லைனோடு சேர்த்து ஓடும் பேட்டரி இல்லாத சோலார், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானாகவே நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் ஒரு பல்பு எரியாது. லைனில் வேலை செய்பவருக்கு உங்கள் மாடிக் கரண்ட் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பேட்டரியோடு வரும் சோலார் மட்டும்தான் அந்த நாட்களில் உதவும்.

போனுக்கு 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று இருந்தால் சாதாரண போனை மூன்று தடவை நிரப்பலாம். போனை ஃப்ளைட் மோடில் வைத்து, இரண்டு மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் ஒரு சார்ஜ் இரண்டு நாள் வரும். டவர் கிடைக்காத நேரத்தில் அதைத் தேடித் தேடித்தான் போன் வேகமாகச் சாகிறது. டவர்களுக்கும் சில மணி நேர பேட்டரிதான் இருக்கும், அதற்குப் பிறகு டீசல் வந்தால்தான் உயிர். ஆகவே முதல் ராத்திரி போன் பேச முடிந்ததை வைத்து மறுநாளும் முடியும் என்று நினைக்காதீர்கள். கால் போகாத இடத்தில் எஸ்.எம்.எஸ். போகலாம். புயல் நேரத்தில் ஒரு கம்பெனி சிம், வேறு கம்பெனி டவரில் ஓட அனுமதிப்பார்கள். நெட்வொர்க் அமைப்பில் தானியங்கித் தேர்வை எடுத்துவிட்டு, கிடைக்கும் டவரைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

செல் போட்டு ஓடும் ஒரு சின்ன ரேடியோ கட்டாயம் வேண்டும். டவர் இல்லாத ஊரில் காரைக்கால், திருச்சி வானொலிதான் சேதி சொல்லும். மெழுகுவத்தி எனக்குப் பிடிக்காது. ஜன்னல் இடுக்கில் காற்று வரும் ராத்திரியில், திரைச்சீலைக்கும் கொசுவலைக்கும் பக்கத்தில் திறந்த தீ எதற்கு? சார்ஜ் லைட் இரண்டும் அரிக்கேன் விளக்கு ஒன்றும் போதும்.

படி 6: சாப்பாடு, மருந்து, காசு

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் உள்ளே நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் இரண்டு நாள், பாதியென்றால் ஒரு நாள். புயலுக்கு முந்தைய நாள் தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் அடுக்கிவிடுங்கள், ஐஸாகி நிறையும், உருகினால் குடிக்கலாம். மீன், கறி, மாவு எல்லாவற்றையும் முன்னாலேயே தீர்த்துவிடுவது நல்லது. அரைத்த இட்லி மாவு இரண்டாம் நாள் பொங்கிப் புளித்துவிடும். அப்புறம் ஊத்தப்பம்தான்.

அரிசி பருப்பு வீட்டில் இருக்கும். கூடுதலாக அவல், பொரி, ரவை, சத்துமாவு, பால் பவுடர், புளிக்காய்ச்சல், கருவாடு. கேஸ் சிலிண்டர் பாதியாக இருந்தால் இப்போதே புக் செய்யுங்கள். மிக்சி ஓடாது என்பதால் மிளகாய்த்தூள், சாம்பார்பொடி அரைத்து வையுங்கள். அம்மி உள்ள வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

இன்சுலின் பற்றிப் பலருக்கும் பயம். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் நாலு வாரம் வரை கெடாது, உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று பெட்டியிலுள்ள தாளிலும் டாக்டரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மண்சட்டியில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை வைத்து, மருந்தை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடினால் போதும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆஸ்பத்திரியில் பேசி, தங்கள் முறையைப் புயலுக்கு முன்பே செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடும் நோயாளி இருந்தால், கரண்ட் உள்ள ஊரிலிருக்கும் உறவினர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ 24 மணி நேர எச்சரிக்கைக்கு முன்பே கூட்டிப் போய்விடுங்கள்.

ஏ.டி.எம். ஓடாது, ஜி.பே. வேலை செய்யாது. பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் காசு. வண்டியில் முழு டேங்க் பெட்ரோல்.

படி 7: அந்த ராத்திரி

காற்று ஏறத் தொடங்கியதும் ஈ.பி.யே கரண்டை நிறுத்திவிடும். அறுந்த கம்பியில் கரண்ட் இருக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்வது அது. அந்த நேரத்தில் ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜ், டி.வி., மோட்டார், ஏ.சி. பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு மெயினை அணையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வர வாய்ப்பிருந்தால், தரை காய்ந்திருக்கும்போதே மெயினை அணைத்துவிட வேண்டும். காலடியில் தண்ணீர் நிற்கும்போது ஸ்விட்ச் போர்டுக்குப் போகக் கூடாது.

திடீரென்று காற்று அடங்கினால் வெளியே போகாதீர்கள். புயலின் கண் மேலே இருக்கிறது என்று அர்த்தம். வர்தாவின்போது சென்னையில் இப்படித்தான் சாயங்காலம் அமைதியானது. பலர் தெருவுக்கு வந்து விழுந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கமிருந்து காற்று திரும்ப அடித்தது. முதல் காற்றில் ஒரு பக்கமாக ஆட்டம் கண்ட மரங்கள் இரண்டாவது காற்றில்தான் பிடுங்கிக்கொண்டு விழும். அதுவரை பத்திரமாக இருந்த பக்கத்து ஜன்னல்களையும் அந்த இடைவெளியில் இறுக்கிச் சாத்திவிடுங்கள்.

படி 8: விடிந்ததும்

முதல் விதி: கீழே கிடக்கும் எந்தக் கம்பியும் உயிருள்ள கம்பிதான். ஊருக்கே கரண்ட் இல்லாவிட்டாலும் சரி, யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் அதை உயிர்ப்பித்திருக்கலாம், சப்ஸ்டேஷனில் சோதனைக்காக ஒரு நிமிடம் போட்டுப் பார்க்கலாம். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கம்பி விழுந்த வேலி, துணிக்கொடி, தேங்கிய தண்ணீர் எல்லாமே கம்பிக்குச் சமம். கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டாதீர்கள்.

கம்பி பக்கத்தில் விழுந்து நீங்கள் நிற்கும் தரையிலேயே விறுவிறு என்று உணர்ந்தால் ஓடக் கூடாது, அகலக் கால் வைத்து நடக்கவும் கூடாது. இரண்டு காலுக்கும் நடுவே உள்ள மின்னழுத்த வித்தியாசம்தான் ஆளைக் கொல்லும். பாதங்களை ஒட்டி வைத்து, தரையைவிட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் கையால் இழுக்காதீர்கள். வீட்டு லைன் என்றால் மெயினை அணையுங்கள். ஹெச்.டி. கம்பி என்றால் காய்ந்த மரக்கட்டையும் காப்பாற்றாது, லைனை நிறுத்திவிட்டதாக ஈ.பி. சொல்லும் வரை கிட்டே போகவே கூடாது. ஈ.பி. எண் 1912-க்கும் ஆம்புலன்ஸ் எண் 108-க்கும் சொல்லுங்கள்.

சாய்ந்த மரத்தை வெட்டி வழி எடுப்பதற்கு முன், அதன் அடியில் கம்பி மாட்டியிருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் பாருங்கள். இழுவிசையோடு இருக்கும் கம்பி மரத்தை வெட்டியதும் சாட்டை போலச் சுழன்று அடிக்கும், சாய்ந்த கம்பமும் எகிறும்.

வீடு, மாடு, தோப்பு, படகு, வலை என்ன சேதமானாலும் சுத்தம் செய்யும் முன் போட்டோ எடுங்கள். நிவாரணக் கணக்கெடுப்புக்கு வி.ஏ.ஓ. வரும்போது மரம் கிடந்த இடம் காட்டத் தேவைப்படும்.

படி 9: ஜெனரேட்டர்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

வாடகைக்கு ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒரு வயரைச் செய்து, சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் சொருகி வீடு முழுவதும் லைட் எரிய விடுவார்கள். அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாக வெளியே போய், கம்பியில் ஏறி, டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். 11,000 வோல்ட்டை 230 ஆக்குவது போலவே, நீங்கள் அனுப்பும் 230-ஐ 11,000 ஆக்கி ஹெச்.டி. லைனில் ஏற்றிவிடும். மூன்று தெரு தள்ளி, லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார்.

லைன்மேன்கள் வேலை தொடங்கும் முன் கம்பிகளின் மேல் எர்த் ராடு மாட்டி தரையோடு இணைப்பதைக் கவனித்திருப்பீர்கள். சப்ஸ்டேஷனை மட்டுமல்ல, நம் வீடுகளையும் நம்ப முடியாது என்பதற்காகத்தான் அது. அவர்கள் கீழே நின்று, "ஜெனரேட்டர் ஓடுதாண்ணே? கொஞ்சம் நிறுத்திருங்க" என்று வீடு வீடாகக் கேட்டால் கோபப்படாமல் நிறுத்துங்கள்.

சரியான வழி, மீட்டருக்குப் பக்கத்தில் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடுவது. ஈ.பி. அல்லது ஜெனரேட்டர், ஒரு நேரத்தில் ஒன்றுதான் வீட்டோடு சேரும். அது இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஜெனரேட்டரிலேயே சொருகி, ஃப்ரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் நேரடியாக அதில் மாட்டுங்கள். சுவர் பிளக்கில் எதையும் திருப்பிச் சொருக வேண்டாம்.

இன்னொரு ஆபத்து புகை. ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மழை நனைக்கிறது என்று திண்ணையிலோ போர்டிகோவிலோ வைத்தால், ஜன்னல் வழியாக உள்ளே வந்து தூங்குபவர்களை அப்படியே கொன்றுவிடும். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை வெளிப்பக்கம் போகும்படி வையுங்கள். மழைக்கு மேலே மட்டும் தகரம் கட்டுங்கள். பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள்.

ராத்திரி முழுவதும் ஓட்டுவது வீண் செலவு. 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டி, அந்த நேரத்துக்குள் டேங்க் நிரப்பி, ஃப்ரிட்ஜைக் குளிரவைத்து, இன்வெர்ட்டரையும் போன்களையும் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். அரை ஹெச்.பி. மோட்டாரை இது இழுக்கும். ஒரு ஹெச்.பி. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கேட்கும் என்பதால் திணறும், மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் மோட்டாரைப் போடுங்கள். நாலு வீடு சேர்ந்து ஒரு ஜெனரேட்டர் எடுத்தால் பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம், சத்தமும் ஒன்றோடு போகும்.

வேதாரண்யம் பக்கத்தில் இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. குட்டைத் தண்ணீருக்குக் காற்று ஊட்டும் ஏரேட்டர் நின்றால் சில மணி நேரத்திலேயே இறால் செத்து மிதக்கும். அவர்களுக்கு டீசல் ஜெனரேட்டரும் அதற்கு ஒரு மாற்றும் இல்லாமல் கார்த்திகையில் குட்டை நிரப்புவதே சூதாட்டம்.

படி 10: எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே கணிப்பது

"நம்ம தெருவுக்கு மட்டும் ஏன் வரலை?" என்ற கேள்விக்கு, வேலை நடக்கும் வரிசைதான் பதில். முதலில் கோபுரங்களில் போகும் 110, 230 கிலோ வோல்ட் லைன்கள். பிறகு சப்ஸ்டேஷன். அதற்குப் பின் அங்கிருந்து கிளம்பும் 33, 22, 11 கிலோ வோல்ட் லைன்கள், அவற்றிலும் ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம், நகரப் பகுதிக்குப் போவது முதலில். அடுத்து டிரான்ஸ்பார்மர்கள். பிறகுதான் தெருக் கம்பம். கடைசியாக உங்கள் சர்வீஸ் வயர். வயல் பம்பு செட் லைன்களுக்கு அதற்கும் அப்புறம்தான் முறை வரும்.

1-ஆம் படியில் நடந்து பார்த்த பாதையில் இப்போது இன்னொரு தடவை, விழுந்த கம்பிக்குத் தள்ளியே, போய்ப் பாருங்கள். ஹெச்.டி. கம்பங்கள் நின்று, கம்பி மட்டும் அறுந்திருந்தால் ஓரிரு நாள். கம்பங்கள் வரிசையாகப் படுத்திருந்தால் கம்பம் வந்து, குழி தோண்டி, நட்டு, கம்பி இழுக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம், மாவட்டம் முழுவதும் அதே கதியென்றால் வாரங்கள். கஜாவின்போது வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து வேலை செய்தும் அவ்வளவு நாள் பிடித்தது. பக்கத்து வீட்டில் கரண்ட் வந்து உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால், முதலில் உங்கள் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., பிறகு கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் என்று பாருங்கள். கம்பத்தில் ஏறுவது மட்டும் ஈ.பி. ஊழியர்கள் வேலை.

வெள்ளத்தால் வரும் கரண்ட் கட் வேறு வகை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கம்பங்களைவிட, தரையோரம் இருக்கும் மின்பெட்டிகளில் தண்ணீர் நின்றதுதான் சிக்கல். அங்கே தண்ணீர் வடியும் வரை போடவே மாட்டார்கள், போடவும் கூடாது.

புகாருக்கு ஈ.பி.யின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. பேசும்போது இணைப்பு எண், டிரான்ஸ்பார்மர் பெயர், என்ன விழுந்திருக்கிறது, எங்கே, வண்டி போக வழி இருக்கிறதா என்று சொல்லுங்கள். "மூணு நாளா கரண்ட் இல்ல" என்பதைவிட, "இந்த டிரான்ஸ்பார்மருக்குக் கிழக்கே மூன்றாவது கம்பத்தில் தென்னை சாய்ந்திருக்கிறது, வண்டி வர வழியை நாங்கள் எடுத்துத் தயாராக வைத்திருக்கிறோம்" என்றால் வேலை சீக்கிரம் நகரும். ஆள் வந்தால் குழி தோண்டவும் கயிறு பிடிக்கவும் தெருவில் நாலு பேர் இருக்கட்டும். சாப்பாடும் டீயும் கொடுங்கள், அவர்கள் வீட்டிலும் கரண்ட் இருக்காது.

கடலோர ஊர்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. எல்லாம் சரியாகி, காற்றே இல்லாத ராத்திரியில் லைன் திரும்பத் திரும்ப டிரிப் ஆகும். புயல் தூற்றிய உப்பு இன்சுலேட்டர்களில் படிந்து, பனி ஈரம் பட்டதும் அதன் வழியே கரண்ட் தாவுகிறது. ஒரு நல்ல மழை கழுவிவிட்டால் நின்றுவிடும்.

படி 11: கரண்ட் வந்த நிமிடம்

வந்துவிட்டது என்று தெருவே சத்தம் போடும்போதும் மெயினை உடனே போடாதீர்கள். அவசரமாகக் கட்டிய லைனில் நியூட்ரல் கம்பி சரியாகச் சேராமல் இருக்கலாம். அப்படியானால் 230 வர வேண்டிய வீட்டுக்கு 300, 350 என்று ஏறி 400 வரை போகலாம். அதனால் எல்லா பிளக்கும் பிடுங்கியிருக்க, மெயினைப் போட்டு ஒரே ஒரு பல்பை மட்டும் எரியவிடுங்கள். பிறகு ஒரு ஃபேன். பல்பு கண் கூசும்படி எரிந்தாலோ, ஒரு அறையில் மங்கி மறு அறையில் பிரகாசித்தாலோ, ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினாலோ உடனே மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடினால் ஃப்ரிட்ஜ், அதற்குப் பிறகு மற்றவை.

தண்ணீர் ஏறிய பிளக் பாயின்ட், மோட்டார், வாஷிங் மெஷின் எதையும் வெளியே காய்ந்திருக்கிறது என்று நம்பிப் போடக் கூடாது. எலக்ட்ரீஷியன் மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்த பிறகு போடுங்கள்.

மூன்று பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். புதிதாகக் கம்பி இழுத்துக் கட்டும்போது இரண்டு பேஸ் இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். மேலே இருக்கும் மோட்டார் என்றால் கண்ணால் தெரிந்துவிடும். போருக்குள் இறங்கிய சப்மெர்சிபிள் தெரியாது. சத்தம் வரும், ஆம்பியர் காட்டும், ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும் அல்லது வரவே வராது. மோட்டார் போய்விட்டது என்று போரிலிருந்து தூக்க ஆள் கூப்பிட்டு ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன், ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு பேஸ் வயர்களை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கொட்டினால் வேலை முடிந்தது.